மூன்றாம் ஆளின் தண்ணீர்

எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருப்பதாக மீட்டர் சொன்னது. இருப்பது நானும் துளசிமணியும் மட்டும்தான்.

மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். காதில் விழுந்ததை அது சொன்னது. அதை ஏமாற்றியது நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். மலையில் மழை வரிசையாகப் பொய்த்த பிறகு கோயமுத்தூரில் தண்ணீரைத் தலைக்கணக்கில்தான் விடுகிறார்கள். தலைக்கு ஆறு குடம். விடிவதற்கு முன்னால் வால்வு தானாகத் திறக்கும். வீட்டு அட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பங்கு மாடித் தொட்டியில் விழும், உடனே மூடிக்கொள்ளும். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினாலும் சரி, குழந்தை பேதியாகிக் கிடந்தாலும் சரி, அடுத்த சொட்டு மறுநாள்தான்.

சித்திரை பிறந்ததும் சரிபார்ப்பு. வீட்டில் உள்ள அத்தனை பேரும் வார்டு அலுவலகத்துக்குப் போய் ஒரு பெட்டிக்கு முன்னால் முகம் காட்ட வேண்டும். முகம் காட்டாதவர் பெயரை வீட்டுத் தலைவரே திரையில் விரல் வைத்து அழிக்க வேண்டும். பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறையும். மறையும்வரை விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. கைதவறி யாரும் அழித்துவிடக் கூடாது என்று இந்த ஏற்பாடாம். இதை யோசித்தவன் வீட்டில் இதுவரை யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மகள் சம்யுக்தா போன சித்திரையில் அந்தப் பெட்டிக்கு நாக்கை நீட்டி முகம் காட்டினாள். பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. "ஒழுங்கா நில்லு பாப்பா" என்று அதட்டினேன். ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. பத்தொன்பது வயது. அவள் பெயர் அட்டையில் அப்படியே இருந்தது. அவளுடைய ஆறு குடம் தினமும் வந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. நாங்களும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தோம்.

பங்குனியில்தான் மீட்டர் பேச்சு வந்தது. விருப்பப்பட்டவர்கள் தலைக்கணக்கை விட்டுவிட்டு மீட்டருக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். நாள் முழுக்கத் தண்ணீர். சரிபார்ப்பும் கிடையாது, வீட்டில் எத்தனை பேர் என்று மீட்டரே பார்த்துக்கொள்ளும். பதினைந்து நாள் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

சரிபார்ப்பு கிடையாது என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது எனக்கு. அந்தப் பெட்டிக்கு முன்னால் துளசியை நிறுத்தி வைத்துக்கொண்டு என் விரலால் அந்தப் பெயரை அழிக்க என்னால் ஆகாது.

"மாத்திக்கலாம் துளசி. எந்நேரமும் தண்ணி வரும்" என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

"வேண்டாமுங்க. இருக்கறபடியே இருக்கட்டும்."

"ஊரே மாத்துது."

"ஊரு மாத்தினா மாத்திட்டுப் போகுது. குழாயில எதையாவது மாட்டி வெச்சு அது நம்மளையே பாத்துட்டு இருக்கும். எனக்குப் பிடிக்கலை."

அவள் எதையும் இப்படிக் கறாராக மறுக்கிறவள் இல்லை. சும்மா பயப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டி, பதினைந்து நாள்தானே என்று மாட்டச் சொல்லிவிட்டேன்.

நான் பம்ப்செட் கம்பெனியில் பம்ப்புகளை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் பார்க்கிறவன். வாழ்நாள் முழுக்க மீட்டர்களோடு பழகியவன். மீட்டர் என்றால் எத்தனை லிட்டர் போனது என்று காட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எப்படிப் போனது என்றும் கவனிக்கும் என்று தெரிந்திருந்தால் நான் அதை வாசல்படி ஏறவே விட்டிருக்க மாட்டேன். ஏனென்றால் காலையில் நான் செய்கிற காரியம் ஒன்று இருந்தது.

சம்யுக்தா குளிப்பது பின்பக்கக் குளியலறையில். விடிந்ததும் விடியாததுமாக, காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓடுவாள். காலி வாளியில் குழாயை ஒரே திருகில் முழுக்கத் திறப்பாள். தடதடவென்று வீடே அதிரும். பாதி வாளி நிறைந்ததும், போனில் ஓடுகிற பாட்டு கேட்கவில்லை என்று, நூல் மாதிரிக் குறைப்பாள். ஏழெட்டுச் செம்பு மடமடவென்று. பிறகு சோப்புப் போடுகிற நேரம், சத்தமே இருக்காது. அதற்குள் செம்பை ஒரு முறை கீழே போட்டாக வேண்டும். மறுபடி தடதட. கடைசியில் குழாயைச் சரியாக மூடாமல் சொட்ட விட்டுவிட்டு, உள்ளேயிருந்து கதவை மூன்று முறை தட்டுவாள். துண்டு எடுக்காமல் போயிருப்பாள். எல்லா நாளும் எடுக்காமல்தான் போவாள். "இதோ வர்றேன் கண்ணு" என்று துளசி அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு வீடு கனத்துப்போனது. துளசி சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. ஒரு நாள் காலை பின்பக்கக் குளியலறையைக் கழுவலாம் என்று போய்க் காலி வாளியில் குழாயைத் திறந்தேன். திறந்த வேகத்தில் தடதடவென்று விழுந்தது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது. நான் குழாயை மூடப் போனேன், மூடவில்லை. பாதி வாளியில் நூலாகக் குறைத்தேன். அன்றைக்குத் துளசி மூன்று தோசை சாப்பிட்டாள். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மறுநாளும் போனேன். பிறகு தினமும். என் காது பம்ப் ஓசையைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் திருத்தி, கார்த்திகை வந்தபோது என் மகளுடைய குளியல் என் கைக்கு வந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது ஆம்பளை, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் நின்று காலில் செம்பு செம்பாக ஊற்றிக்கொள்வேன். தண்ணீரை வீணாக்க மனசு வராது, டப்பில் சேர்ந்ததைத் துளசி துணிக்கு எடுத்துக்கொள்வாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதே இல்லை. செம்பைக்கூட ஒரு முறை கீழே போடுவேன். கதவை மட்டும் தட்ட மாட்டேன். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தால் கைப்பிடியில் துண்டு தொங்கும். சம்யுக்தாவின் மஞ்சள் துண்டு. முதல் நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே இருப்பது மகள்தான் என்று துளசி நம்புகிறாள் என்று அர்த்தம். ஐயோ, இவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்று கொடியில் துண்டைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய் அழுதேன். நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. நிறுத்தினால் அவளுக்கு மறுபடி ஒரு சாவு. அந்தத் துண்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மீட்டர் வந்து மாட்டிக்கொண்டது.

பதினைந்து நாளும் முடிந்த ஒரு சனிக்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால், மீட்டர்காரப் பெண் வந்தாள். நஸ்ரின் என்று பெயர். இருபத்தைந்து இருக்கலாம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்து, பிறகு நினைவு வந்து கழற்றினாள். கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம்.

"உங்க வீட்டுக் கணக்கு சுத்தமா இருக்குதுங்க சார். சில வீடுகள்ல நான் போய்ச் சொன்னதும் சண்டையே நடக்குது. நாலு பேர்னு சொல்லியிருப்பாங்க, மீட்டர் அஞ்சுன்னு காட்டும். வேலை செய்யற அம்மாவோட குழந்தை பின்னாடி கொட்டகையில இருக்கும்."

எதிர்வீட்டு ராக்கியப்பன் வீட்டுக் கதை எங்களுக்கே தெரியும். அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைக் குளிப்பாட்டிப் பத்து நாளாகிவிட்டது என்று மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டிய தண்ணீரில் மகன் காரைக் கழுவியிருக்கிறான். இப்போது அந்தப் பெரியவருக்குத் தினமும் குளியல். ஆகையால் மீட்டர் கெட்டது என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

"அது எப்படிம்மா ஆளைக் கண்டுபிடிக்கும்? கேமரா இருக்குதா?" என்று கேட்டேன்.

"கேமராவெல்லாம் இல்லீங்க சார். குழாயைத் திறக்கறப்ப பைப்புக்குள்ள ஒரு அதிர்வு ஓடுமில்லீங்களா? ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. எவ்வளவு வேகமாத் திறக்கறாங்க, எப்பக் குறைக்கறாங்க, எப்படி மூடறாங்க. கையெழுத்து மாதிரிங்க. வேணும்னே மாத்தித் திறந்தாலும் ரெண்டு நாள்ல பழைய பழக்கத்துக்கு வந்துருவாங்க. மெஷினை ஏமாத்தறது ரொம்பக் கஷ்டம்."

கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று நிறத்தில் மூன்று கோடுகள்.

"இது சார் நீங்க. இது அம்மா. இந்தப் பச்சை..." சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தாள். துளசி இன்னும் அந்தப் படத்துக்கு மாலை போட விடவில்லை. "இவங்கதானுங்களே? காலேஜ் போயிருக்காங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் துளசி சொன்னாள்: "ஆமா கண்ணு."

சரிதான், முழுக்க நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவங்க முகத்தை ஒரு தடவை பதிஞ்சுட்டா எல்லாம் முடிஞ்சுதுங்க. அவங்க இருக்கற நேரமாப் பாத்து வர்றேன். காலையில அஞ்சரைக்குக் குளிச்சுட்டுக் கிளம்பிடறாங்க, சாயந்தரம் நாலு மணிக்கு வந்து கைகால் கழுவறாங்க. வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தாச் சரியா இருக்குமுங்களா?"

"நாலு மணிக்கா?" என்றேன்.

"ஆமாங்க சார். தினமும் நாலு மணி. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. மற்ற நாட்களில் நாலு மணிக்கு நான் கம்பெனியில் பம்ப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். துளசியைப் பார்த்தேன். அவள் காலி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கிளம்பினேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, பக்கவாட்டுச் சந்தில், கொல்லைக் குழாய் தெரிகிற இடத்தில் நின்றேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

நாலு மணிக்குக் கொல்லைக் கதவு திறந்தது. துளசி வந்தாள். சம்யுக்தாவின் ரப்பர் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குச் சிறியது, குதிகால் வெளியே நின்றது. குழாயை ஒரே திருகில் முழுக்கத் திறந்தாள். தண்ணீர் கல்லில் பட்டுத் தெறித்தது. ஒரு காலை நீட்டினாள், மறுகாலை நீட்டினாள், இரண்டு கையிலும் வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு நூலாகக் குறைத்துவிட்டு, மகள் நின்று போன் பார்ப்பாளே, அது போல அப்படியே நின்றாள். கையில் போன் இல்லை. வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் குழாயை மூடினாள். சரியாக மூடவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

என் துளசிமணி முப்பது வருஷமாக ஒரு குழாயைச் சொட்ட விட்டவள் இல்லை. நான் சந்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? மயக்கமா?"

"நாலு மணிக்கு நீயா?"

அவள் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறைக்க நினைத்து, முடியாமல் அப்படியே என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அந்த நேரத்துல வீடு ஒரு மாதிரி ஆயிருதுங்க. மத்த நேரமெல்லாம் எப்படியோ தள்ளிப்போடறேன். நாலு மணி ஆச்சுன்னா அவ வர்ற சத்தத்துக்குக் காது தானா வாசலுக்குப் போகுது. ஒண்ணுமே கேக்காம இருக்கறது தாங்க முடியலை. அதான். இந்த எழவு மீட்டர் கண்டுபிடிச்சுப்போடும்னுதான் அன்னிக்கே வேண்டாம்னேன்."

நானும் சொல்லிவிட்டேன். காலையில் குளிப்பது யார் என்று சொன்னேன். அவள் நொறுங்கிப்போவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அது நீங்கதான்னு எனக்குத் தெரியாதுங்களா? முதல் நாளே தெரியும். படுக்கையில உங்க இடம் காலியாக் கிடக்குது, அங்க தண்ணி விழுகுது. நான் என்ன பைத்தியமா?"

"அப்புறம் எதுக்குத் துண்டு?"

"உங்களுக்குத்தானுங்க" என்றாள். "அவளாட்டமே நீங்களும் துண்டு எடுக்காமப் போயிட்டீங்க. ஈரக்காலோட வருவீங்களேன்னு மாட்டினேன்."

குழாய் சொட்டிக்கொண்டேயிருந்தது. எழுந்துபோய் மூட இருவருக்கும் கை வரவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து படுத்திருந்தேன். பக்கத்தில் அவளும் விழித்துத்தான் இருந்தாள், மூச்சை வைத்தே தெரிந்தது. அவள் எனக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரியும், ஆனால் நான் செய்வதை அவள் அறிவாள் என்று தெரிந்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சாயந்தரம் நான் வந்தபோது கொல்லைக் கல் காய்ந்து கிடந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டே பேர் இருந்தோம். ஆடி மாதத்தைவிட அது கொடுமையாக இருந்தது.

சனிக்கிழமை நான் அரைநாள் லீவு போட்டிருந்தேன். நாலு மணிக்கு நஸ்ரின் வந்தாள். உட்காரும்போதே திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"பாப்பா ஊருக்குப் போயிருக்காங்களா சார்? திங்கட்கிழமைக்கு அப்புறம் காணோமே."

இந்த முறை துளசி முந்திக்கொள்ளவில்லை. நான்தான் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், காலையைச் சொன்னேன், சாயந்தரத்தைச் சொன்னேன். அந்தப் பெண் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டேயிருந்தாள்.

"ரெண்டு பேர் பண்ணினதை அது ஒரே ஆளுன்னு எடுத்துருக்குதுங்க சார். அப்படி ஆகவே ஆகாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும் அவ்வளவு சரியாப் பண்ணியிருக்கீங்க."

துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்ன பண்ணணும் கண்ணு?"

"அந்தப் பச்சைக் கோடு யாருன்னு நான் போடணும்மா. ஆளுன்னு போட்டா முகம் வேணும். ஆள் இல்லைன்னா கசிவுன்னு போடணும்."

"கசிவா?"

"அதாவதுங்கம்மா, தண்ணி யாருக்கும் இல்லாம ஒழுகுதுன்னு மெஷின் எடுத்துக்கும். அதுக்கப்புறம் அதே மாதிரி எப்ப ஓடினாலும் வால்வை மூடிரும்."

"மூடிருமா? நான் திறந்தாலும்?" என்று கேட்டேன்.

"அவங்க மாதிரி திறந்தா மூடிருமுங்க சார். சார் மாதிரி திறந்தா ஓடும்."

எங்கள் வீட்டுக் குழாய்க்கு என் மகளை அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டது அவளை நிறுத்துவதற்காக.

"வேற வழி இல்லையா கண்ணு?" என்றாள் துளசி.

"எங்கிட்ட ரெண்டே பொத்தான்தான் இருக்குதுங்கம்மா. ஆளு, கசிவு." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "மூணாவதா ஒண்ணு இருந்தா நானே அமுத்திட்டுப் போயிருவேன்."

துளசி என் பக்கம் திரும்பினாள். மீட்டர் இருந்தால் அட்டையில் பெயர் பிழைக்கும் என்று நான் நம்பியதை இதற்குள் அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு ஒரு விலை இருந்தது. இதை வைத்துக்கொண்டால் சத்தம் போகும். கழற்றிவிட்டால் சரிபார்ப்புக்குப் போக வேண்டும், பெயர் போகும்.

"கழட்டிரு கண்ணு" என்றாள் அவள்.

"துளசி, அப்ப சித்திரையில..."

"தெரியுதுங்க. பேரு பெட்டிக்குள்ளதானே இருக்குது. அது போனாப் போகுது. பழைய குழாய் யாரு திறந்தாலும் ஊத்தும். அதுக்கு ஆளும் தெரியாது பேரும் தெரியாது. எனக்கு அது போதும்."

"பன்னெண்டு குடம்தான் வரும், துளசி. அவ பங்கு நின்னுபோயிரும்."

"நாம ஒரு வேளை குளிக்காட்டி என்ன இப்ப? நம்ம பங்குலருந்து அவளுக்கு ஒரு வாளி குடுக்க மாட்டமா?"

நஸ்ரின் கழற்றிய மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வேண்டாம்ங்கறதுக்கு ஒரு காரணம் போடணுமுங்கம்மா. என்னன்னு போடட்டும்?"

"வீட்டுல புள்ளைக்கு ஒத்து வரலைன்னு போட்டுக்க" என்றாள் துளசி. அந்தப் பெண் அப்படியே போட்டுக்கொண்டுதான் போனாள்.

சித்திரையில் வார்டு அலுவலகத்துக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் கைக்குழந்தையின் முகத்தைப் பெட்டி பிடிக்காமல் போக, எல்லோரும் கைதட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. நான் முகம் காட்டினேன், துளசி காட்டினாள். மூன்றாவது பெயர் திரையில் வந்து காத்திருந்தது. சம்யுக்தா நஞ்சப்பன். விரலை வைத்தேன். முதல் எழுத்து மங்கியதுமே எடுத்துவிட்டேன். பெயர் பளிச்சென்று திரும்பி வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் யாரும் முனகக்கூட இல்லை, அது ஒன்றுதான் அவர்கள் செய்த உபகாரம்.

துளசி என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். "எடுக்காதீங்க" என்றாள். எடுக்கவில்லை. கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த என் பெயர் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் நின்றது, பிறகு அதுவும் போயிற்று.

அன்றிரவு நாங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் விடியும் முன்னால் மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு விழித்தேன். சீக்கிரமே நின்றுவிட்டது. பன்னிரண்டு குடம். கண்ணை மூடிக்கொண்டேன். இனிமேல் அந்த வேலையைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை, சத்தத்தையாவது காப்பாற்றினோம் என்று துளசி நினைத்தது வீண் என்று தோன்றியது. அதைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அவள் இடம் காலியாக இருந்தது.

பின்பக்கக் குளியலறையில் காலி வாளியில் தடதடவென்று தண்ணீர் விழுந்தது.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். பாதி வாளியில் சத்தம் நூலாகக் குறைந்தது. ஏழெட்டுச் செம்பு. சோப்புப் போடுகிற நேரம் கொஞ்சம் குறைவுதான், மகளுடைய காலைக் குளியல் துளசியின் கைக்குப் புதிது. செம்பு கீழே விழுந்தது. இத்தனை மாதம் சமையலறையில் நின்று அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே ஓடியது.

தண்ணீர் நின்றது. சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கதவு மூன்று முறை தட்டப்பட்டது. எனக்கு வராத தைரியம் அவளுக்கு வந்திருந்தது.

"இதோ வர்றேன் கண்ணு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொடியிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒரு சாண் திறந்து, வளையல் போட்ட ஈரக்கை ஒன்று வெளியே நீண்டு காற்றில் துழாவியது. துண்டை அதில் வைத்தேன். அந்தக் கை துண்டோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்துக்கொண்டது, நெடுநேரம் விடவில்லை.